ஒரு வீடியோ கேமுக்கு 41 லட்சம்: யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது

காரைக்குடியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடுதான் களம். விளையாடுபவர் கையில் ரங்கூன் கடையிலிருந்து வந்த பழைய கணக்கேடு ஒன்று இருக்கும். யாருக்கு எவ்வளவு பற்று, யாரிடமிருந்து எவ்வளவு வரவு என்று அதைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் முகப்பிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு என்று ஒவ்வொரு கதவாகத் திறக்கும். முதல் அரை மணி நேர ஆட்டம் தயார். விளையாடிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. மீதியை முடிக்கப் பணம் வேண்டும்.

கிரவுட்ஃபண்டிங் (பலரிடம் சிறு தொகையாக இணையத்தில் திரட்டும் கூட்டுநிதி) போடலாமா, பப்ளிஷரை (பணம் போட்டு கேமை வெளியிடுபவரை) தேடலாமா, சீட்டு எடுத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டார்கள். நான் கணக்கு எழுதுகிறவன். அவர்களுக்குச் சொன்னதை, இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரித்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்படிப்பட்ட சிறு குழு ஊரார் பணத்தை ஆரம்பத்தில் வாங்கக் கூடாது. வேலை பெரும்பகுதி முடிந்த பிறகு, சின்னத் தொகையாக, செலவுக் கணக்கை எல்லோருக்கும் காட்டிவிட்டு வாங்க வேண்டும். ஏன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

முதலில் செலவு

யாரிடம் வாங்குவது என்பதற்கு முன்னால், வாங்கி என்ன செய்யப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். பதினெட்டு மாத வேலை என்று வைத்துக்கொண்டு இவர்களுக்காக நான் போட்ட மதிப்பீடு இது. நான்கு பேருக்கும் மாதம் ஆளுக்கு 30,000 ரூபாய். பெரிய சம்பளம் இல்லை, ஆனால் சொந்த வீட்டில் இருந்துகொண்டு சமாளிக்கலாம். அதுவே 21 லட்சத்து 60 ஆயிரம் ஆகிவிடுகிறது. இசைக்கும் ஒலிக்கும் இரண்டரை லட்சம். ஆங்கிலத்துக்கும் இன்னும் இரண்டு மொழிகளுக்கும் மாற்ற ஒன்றரை லட்சம். பிழை பார்க்க ஒன்றரை லட்சம். கணினி, மென்பொருள் 2 லட்சம். டிரெய்லர், விளம்பரம் 3 லட்சம். வாடகை, கரண்ட், இன்டர்நெட் மாதம் 12,000 வீதம் 2 லட்சத்து 16 ஆயிரம். கூட்டினால் 34 லட்சத்து 26 ஆயிரம். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கை, எதிர்பாராத செலவுக்குக் கைக்காவலாக வைத்தால் 41 லட்சம்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தை உற்றுப் பாருங்கள். கைக்காவலை விட்டுவிட்டால், நூற்றுக்கு 63 ரூபாய் சம்பளம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கேம் என்றால் ஏதோ விலை உயர்ந்த இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் பணம் போகிறது என்று நினைக்கிறார்கள். போவது மனிதர்கள் சாப்பிடுவதற்கும் வாடகை கொடுப்பதற்கும்தான். வேலை ஒரு மாதம் தள்ளிப்போனால் 1 லட்சத்து 32 ஆயிரம் காலி. ஒரு வாரம் என்றால் சுமார் 30,000. "மாடியில் இன்னொரு அறை சேர்க்கலாமே" என்று குழுவில் ஒருவர் சொன்னால், அது எத்தனை வாரம் என்று கேட்டாலே அந்த அறையின் விலை தெரிந்துவிடும்.

கூட்டுநிதியில் கேம் செய்தவர்களின் அனுபவத்தை இந்தக் கண்ணோடு படித்தால் பல விஷயம் விளங்கும். 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் டபுள் ஃபைன் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் 4 லட்சம் டாலர் கேட்டது. வந்ததோ 33 லட்சம் டாலருக்கு மேல், 87,000 பேரிடமிருந்து. கேட்டதைப்போல எட்டு மடங்கு. அப்படியானால் சீக்கிரம் முடிந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. பணம் பெருகியதும் கேமும் பெருகியது. முடிக்க அந்தப் பணமும் போதவில்லை. கடைசியில் 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்த கேமை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை 2014 ஜனவரியில் விற்பனைக்கு விட்டு, அந்த வருமானத்தையும் சேர்த்து 2015 ஏப்ரலில் இரண்டாம் பாதியைக் கொடுத்தார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, வேலை நடப்பதை ஆவணப்படமாகவே எடுத்து, பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டினார்கள். ஆனாலும் தொகை பெரியது என்பதால் காலம் குறையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

'ஷவல் நைட்' செய்த யாட் கிளப் கேம்ஸ் இன்னொரு பக்கம். 2013இல் 75,000 டாலர் கேட்டு, 3 லட்சத்து 11 ஆயிரம் டாலர் பெற்றார்கள். 2014 ஜூனில் கேம் வெளிவந்துவிட்டது. சின்னக் குழுவுக்கு இது நல்ல வேகம். அப்படியிருந்தும் வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பே கையிருப்பு தீர்ந்து, சம்பளமில்லாமல் வேலை பார்த்ததை அவர்களே கணக்கோடு வெளியிட்டார்கள். அதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. இலக்கைத் தாண்டி இவ்வளவு வந்தால் இதையும் சேர்த்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பதை ஸ்ட்ரெச் கோல் என்கிறார்கள். எதிரிப் பாத்திரங்களை நாயகர்களாக வைத்துக் கூடுதல் ஆட்டங்கள் தருவதாக இவர்கள் அப்படி ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதன் கடைசிப் பகுதி வெளிவந்தது 2019 டிசம்பரில். ஒரு மாதப் பிரசாரத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு ஐந்து வருடத்துக்கு மேல் உழைப்பு. நல்லபடியாக விற்ற கேம் என்பதால் தாங்கினார்கள். விற்காத கேமுக்கு அதே வாக்கு இருந்திருந்தால் கதி என்ன?

'ஹாலோ நைட்' விஷயத்திலும் இதே கதைதான். 2014இல் ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,000க்கு மேல் பெற்றது. கேம் 2017இல் வந்தது, உலகப் புகழ் பெற்றது. இன்னொரு பாத்திரத்தை வைத்தும் விளையாடலாம் என்று கொடுத்திருந்த ஸ்ட்ரெச் கோல் வளர்ந்து வளர்ந்து தனி கேமாகவே ஆகி, 2025 செப்டம்பரில்தான் வெளிவந்தது.

கெட்டுப்போன கணக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2012இல் 'யோக்வென்சர்ஸ்' என்ற கேமுக்கு 5 லட்சத்து 67 ஆயிரம் டாலர் சேர்ந்தது. 2014இல் கைவிடப்பட்டது. பணம் எங்கே போனது என்று அதைச் செய்தவர் பின்னால் விவரித்தபோது வெளிவந்த செய்தி: ஓர் ஓவியருக்கு 35,000 டாலர் மொத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள், அவர் இரண்டு வாரம் போல வேலை செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார், பணத்தைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் வழியில்லை. திருட்டு இல்லை, ஆடம்பரம் இல்லை. ஒரு பத்திரத்தில் ஒரு வரி இல்லாததுதான் காரணம். எனவே எந்த வழியில் பணம் வந்தாலும், வெளியாளுக்குக் கொடுப்பது வேலை முடிந்த அளவுக்குத் தவணையாகத்தான் போக வேண்டும். இசையமைப்பவர் சொந்தக்காரப் பையனாகவே இருந்தாலும் எழுதி வாங்குங்கள்.

கிக்ஸ்டார்ட்டரும் சிங்கப்பூர் அண்ணனும்

இனி வழிகளைப் பார்ப்போம். எல்லோர் வாயிலும் முதலில் வருவது கிக்ஸ்டார்ட்டர். இலக்கு நிறைந்தால் மட்டுமே பணம் கைக்கு வரும், நிறையாவிட்டால் யாருடைய கார்டிலும் கை வைக்க மாட்டார்கள். கேமுக்கு இது நல்ல விதி என்பேன். 'வந்ததை வைத்துக்கொள்' வகைத் தளங்களில் 41 லட்சம் கேட்டு 9 லட்சம் வந்தால், 9 லட்சத்துக்கு 41 லட்ச வேலை செய்து கொடுக்கக் கடன்பட்டவர் ஆகிவிடுவீர்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்தியாவில் இருப்பவர்கள் அங்கே பணம் கொடுக்கலாம், பிரசாரம் தொடங்க முடியாது. அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சிங்கப்பூர் 2016இலிருந்து இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத வீடு குறைவு. ஆகவே "அண்ணன் பேரில் போட்டுவிடலாமே" என்ற யோசனை உடனே வந்துவிடும். அண்ணனும் ஆசையாகச் சரி என்பார். அதற்கு முன் அவர் எதற்குச் சரி சொல்கிறார் என்று அவருக்கே விளக்கிச் சொல்லுங்கள். பணம் அவர் கணக்கில் விழும், எனவே அந்த ஊர் வருமான வரி அலுவலகத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கேம் தாமதமானால் உலகம் முழுக்க இருக்கிற ஆயிரக்கணக்கானோர் அவர் பெயரைத்தான் திட்டுவார்கள். தளத்தின் விதிப்படி பிரசாரத்தை நடத்துபவர் அந்தத் திட்டத்தில் உண்மையாகவே பங்குள்ளவராக இருக்க வேண்டும், பெயரை இரவல் கொடுப்பதற்கு இடமில்லை. அங்கே ஒரு நிறுவனம் பதிந்து, அவரைப் பங்குதாரராக்கி, இங்கிருக்கும் குழு அந்த நிறுவனத்துக்கு முறைப்படி பில் போட்டு, வங்கி வழியாகப் பணம் வருமென்றால் செய்யலாம். அதற்குரிய செலவும் வருடா வருடம் உண்டு. இதெல்லாம் இல்லாமல் வாய்ப்பேச்சில் செய்தால் கேம் போவதோடு உறவும் போகும்.

கழிவையும் பாருங்கள். தளத்துக்கு 5 சதவீதம். பணப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதமும், ஒவ்வொருவர் கொடுப்பதற்கும் ஒரு சிறு தொகையும். சில கார்டுகள் கடைசியில் பணம் எடுக்க விடாது. நாணய மாற்றில் கொஞ்சம் போகும். பரிசுகளுக்குச் செலவு. கையில் 41 லட்சம் நிற்க வேண்டுமென்றால், பரிசு எல்லாம் டிஜிட்டலாக இருந்தாலே 50 லட்சம் அளவுக்குக் கேட்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதாவது 60,000 டாலருக்குச் சற்றுக் கீழே. முன்பெயர் இல்லாத குழுவுக்கு அது எட்டாத தொகை அல்ல. 'அண்டர்டேல்' 2013இல் 5,000 டாலர் கேட்டு 51,000 டாலர் பெற்றது. ஆனால் புனேயில் உருவான 'ராஜி' 2017இல் 1,20,000 பவுண்டு கேட்டு இலக்கைத் தொட முடியவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அழகான கேம், புராணக் களம், கண்ணைப் பறிக்கும் டெமோ எல்லாம் இருந்தும் நடக்கவில்லை. பின்னால் பப்ளிஷர் கிடைத்து 2020இல் வெளிவந்தது.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களே அங்கே கொடுப்பது சிரமம். ரிசர்வ் வங்கியின் 2020 விதிக்குப் பிறகு வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் மூடியே இருக்கும், நாம்தான் திறக்க வேண்டும். தேவகோட்டையில் இருக்கும் ஒருவர் 500 ரூபாய் கொடுப்பதற்காக அதைச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அவருக்குத் தெரிந்தது யு.பி.ஐ.

நாமே இங்கே வசூலித்தால்

அப்படியானால் சொந்தமாக ஒரு தளம் வைத்து, கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) மூலம், யு.பி.ஐ.யில் வாங்கிவிடலாமே? வாங்கலாம்தான். கழிவு 2, 3 சதவீதத்துக்குள் முடிந்துவிடும். எனக்குப் பிடித்த வழியும் இதுதான். ஆனால் இங்கேதான் சட்டம் அதிகம் குறுக்கே வருகிறது, பலர் கவனிப்பதில்லை.

என்ன சொல்லிப் பணம் வாங்குகிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. "பணம் போடுங்கள், லாபத்தில் பங்கு" என்று பொதுவில் கேட்கவே கூடாது. பங்குக்குப் பணம் திரட்டும் கூட்டுநிதிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. 2016இலேயே பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி இதுபற்றி எச்சரித்திருக்கிறது. "வட்டி தருகிறோம்" என்றால் இன்னும் ஆபத்து, 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தில் போய் நிற்கும். நிதி நிறுவனங்களில் பணம் போட்டு இழந்தவர்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. அந்த வாடையே வரக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வருவதை 'நன்கொடை' என்று எழுதினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பற்றிய கேள்வி எழும். ஆகவே எல்லாருக்கும் ஒரே சொல்: முன்பதிவு. கேமுக்கு முன்கூட்டியே விலை கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி, முன்பதிவு. இப்போது அந்த முக்கியமான விதி. உங்கள் குழு பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால், பொருளுக்கோ சேவைக்கோ வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் அந்தப் பொருளைக் கொடுத்து நேர் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று நிறுவன வைப்புத்தொகை விதிகள் (2014) சொல்கின்றன. அனுமதியில்லாமல் வைப்பு வாங்கியதற்கான தண்டனை சின்னது இல்லை. பதினெட்டு மாத வேலை பாக்கியிருக்கும்போது முன்பதிவு வாங்கினால், முதல் நாளே இந்த விதியை மீறும் பாதையில் கால் வைக்கிறீர்கள். ஆறேழு மாத வேலை பாக்கி இருக்கும்போது வாங்கினால், நான்கு மாதம் தாமதமானாலும் தப்பிக்கலாம். கூட்டுத்தொழிலாகவோ எல்.எல்.பி.யாகவோ இருந்தால் இந்த விதி நேராகப் பாயாது. ஆனாலும் வாங்கியவரின் பொறுமைக்கு ஒரு வருடம் என்பது நியாயமான எல்லைதான்.

ஜி.எஸ்.டி. அடுத்தது. தரவிறக்கி விளையாடும் கேம் சேவைக் கணக்கில் வருகிறது. சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கும்போதே வரி. பதிவு பெற்றவராக இருந்தால் உள்நாட்டில் 1,000 ரூபாய்க்கு விற்ற பிரதியில் 847 ரூபாய்தான் உங்களுடையது, மீதி 18 சதவீத வரி. ஆண்டு விற்றுவரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அந்த ஆண்டின் மற்ற எல்லா வரவையும் சேர்த்துத்தான் இந்த 20 லட்சம் என்பதை மறக்க வேண்டாம். வருமான வரியிலும் ஒரு கண் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் பணம் வந்து செலவு முழுக்க அடுத்த நிதியாண்டில் விழுந்தால், கையில் நிற்பது லாபம் போலத் தெரியும். வசூலை ஏப்ரலுக்குப் பிறகு வையுங்கள், ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஒரு இடைச்செருகல். "கேம்" என்று சொன்னதும் வங்கியிலும் ஊரிலும் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ரம்மியில் பணம் போன கதை எல்லோருக்கும் தெரியும். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. கதையைச் சொல்லி விலைக்கு விற்கும் கேமுக்கு அந்தத் தடை இல்லை. இதை ஒரு பத்தியில் எழுதி, வசூல் பக்கத்தின் மேலேயே போட்டுவிடுவது நல்லது.

பப்ளிஷர், பாதி கேமை விற்பது, சீட்டு, அரசு உதவி

பப்ளிஷரிடம் போனால் ஆயிரம் பேருக்குப் பதில் ஒருவருக்குப் பதில் சொன்னால் போதும். முன்பணம் தருவார், அதுவும் மொத்தமாக இல்லை, வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்து அவர் ஒப்புக்கொண்ட பிறகு. கேம் விற்கத் தொடங்கியதும் அவர் போட்டதை முதலில் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பங்கு. அதனால் ஓரளவுக்கு விற்ற கேமில் செய்தவர்களுக்கு ஒரு ரூபாயும் வராமல் போவது சாதாரணம். ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது சதவீதத்தை அல்ல. கேமின் உரிமை யாரிடம், அடுத்த பாகத்துக்கு அவருக்கு முதல் உரிமை உண்டா, அவர் பாதியில் கைவிட்டால் செய்தது யாருக்கு, இந்த மூன்றைத்தான். உள்ளூர்க் களம் என்பதால் தயங்க வேண்டாம். தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுக்களையைக் களமாக வைத்து டொராண்டோவில் செய்த 'வெண்பா' 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. செட்டிநாட்டு வீட்டுக்கும் உலகத்தில் ஆள் இருக்கிறது.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில், பாதி முடிந்த கேமையே விற்கும் ஏர்லி ஆக்சஸ் 2013இலிருந்து இருக்கிறது. திரும்பத் திரும்ப ஆடும் கேமுக்கு அது அருமையான வழி. இவர்களுடையது ஏட்டைப் படித்து ரகசியம் கண்டுபிடிக்கும் கதை. பாதியைக் கொடுத்தால் ரகசியம் பாதியில் செத்துவிடும். வேண்டாம். ஆனால் ஸ்டீம் பக்கத்தை இப்போதே திறந்துவிட வேண்டும். ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம், விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அதுவும் திரும்பி வரும். பின்னால் வாங்க விரும்புபவர்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்டில் எத்தனை பேர் சேர்க்கிறார்கள் என்பதைப் பார்த்தால், வசூலுக்குப் போகலாமா என்று பணம் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. நாட்டுக்கு நாடு விலை, தள்ளுபடி எல்லாம் கழித்துப் பார்த்தால், போட்ட 41 லட்சம் திரும்ப 7,000 பிரதி அளவுக்கு விற்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 5 லட்சம் சீட்டு, 20 மாதம், மாதம் 25,000. ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்தால் மூன்றே முக்கால் லட்சம் கைக்கு வரலாம். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை சட்டப்படி உண்டு. தொகையைவிடப் பெரிய சங்கடம், கேம் ஒரு பைசா தராத மாதங்களிலும் தவணை நிற்காது என்பது. நான்கு பேரில் ஒருவருக்காவது நிலையான மாத வருமானம் இருந்தால் ஒரு சீட்டு போடலாம், இரண்டு வேண்டாம். வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் வைப்பது பற்றிக் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதுத் தொழில்களுக்கு உதவும் தான்சீட் திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்க வாய்ப்புண்டு. எபிக் நிறுவனம் 2019இல் அறிவித்த மெகாகிராண்ட்ஸ் உதவித்தொகை, அவர்களுடைய அன்ரியல் எஞ்சின் என்ற கேம் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று நம்பி யாரும் வேலையை விடக் கூடாது.

நான் சொன்ன வழி

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பன்னிரண்டு மாதத்துக்குச் சம்பளம், வாடகை, கணினி, இசையில் பாதி எல்லாம் சேர்த்து 19 லட்சம். கடைசி ஆறு மாதத்துக்கு 15 லட்சம். இது தவிர கைக்காவல் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பகுதியை உங்கள் சேமிப்பு, அரசு உதவி கிடைத்தால் அது, ஒரே ஒரு சீட்டு, வெளிவேலை இவற்றால் ஓட்டுங்கள். இங்கே பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாக மாறுகின்றன. அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் முப்பரிமாணப் படம் தேவைப்படுகிறது. கேமுக்காக வளவையும் தேக்குத் தூண்களையும் வரைந்து பழகிய கைக்கு அது எளிது. வருடம் பதினான்கு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அது உங்கள் காலம். ஊரார் காலம் ஓடத் தொடங்கவில்லை.

கதை முழுவதும் ஆடக்கூடிய நிலைக்கு வந்த பிறகு 18 லட்சத்துக்கு முன்பதிவு வசூல். கேட்வே கழிவு போனால் 17 லட்சத்துக்கு மேல் நிற்கும். கடைசி ஆறு மாதத்தையும் கைக்காவலில் ஒரு பகுதியையும் தாங்கும். ஆளுக்குச் சராசரி 1,000 என்றால் 1,800 பேர். உள்ளூரிலிருந்து மட்டும் அத்தனை பேர் வர மாட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று இருக்கும் நம் ஆட்களும் வர வேண்டும். அதற்கு வெளிநாட்டுக் கார்டு ஏற்கும் கேட்வே வேண்டும். இலக்கு நிறையாவிட்டால் எல்லாப் பணத்தையும் திருப்பித் தருவோம் என்று முதலிலேயே எழுதுங்கள். அதுவரை அந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள்.

பரிசாக ஆத்தங்குடிக் கல் கொடுக்கலாம் என்றார்கள். ஆசை நியாயமானது, கேமின் தரையெல்லாம் அந்தக் கல்தான். ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி மேல் வார்த்து, சிமெண்டும் மணலும் கெட்டித்த சரக்கு, ஒன்றே ஒன்றரை, இரண்டு கிலோ வரும். மூலை இடிபடாமல் இருக்க நாலாபுறமும் தெர்மாகோல் வைத்துக் கட்டினால் பெட்டி இன்னும் கனக்கும். சிங்கப்பூருக்கு அனுப்பும் கூலி கல்லின் விலையைப்போலப் பல மடங்கு. உடைந்து போய்ச் சேர்ந்தால் இன்னொன்று அனுப்ப வேண்டும். நூறு கல் கட்டி அனுப்ப இரண்டு பேருக்கு இரண்டு மூன்று வாரம் போகும், அந்த வாரங்கள் கேமிலிருந்து கழியும். பொருளாகத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் ஓலைக் கொட்டான் (சிறு கூடை) கொடுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், எடையில்லை, உடையாது. அதுவும் அதிகம் கொடுத்த ஐம்பது பேருக்கு மட்டும்.

மற்றவர்களுக்கு நான் சொன்ன பரிசு, கேமுக்குள் இருக்கும் அந்தக் கணக்கேட்டில் பெயர். பணம் கொடுத்தவர் பெயரும் ஊரும், "கண்டனூர்" என்றோ "கோலாலம்பூர்" என்றோ, ஒரு வரவு வரியாக ஏட்டில் இருக்கட்டும். விளையாடுபவர் பக்கம் புரட்டும்போது கண்ணில் படும். எல்லாப் பெயரையும் தமிழில் சரிபார்க்க ஒரு வாரம் ஆகும், 30,000 ரூபாய். அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

கணக்கு காட்டுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. திருவிழா முடிந்ததும் யார் எவ்வளவு கொடுத்தார்கள், பூவுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டும் ஊர் இது. அந்த அளவுக்காவது இங்கேயும் வேண்டும். மாதம் ஒரு பக்கம் போதும்: போன மாத இருப்பு, சம்பளம், வெளியாள், கழிவு, வரி, இந்த மாத இருப்பு, அந்த இருப்பு இன்னும் எத்தனை மாதத்துக்குக் காணும். கடைசி எண் தான் எல்லோருக்கும் தேவையானது. 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் 21 லட்சம் டாலரோடு தொடங்கிய 'ஸ்டார் சிட்டிசன்' இதுவரை 70 கோடி டாலருக்கு மேல் திரட்டியும் முழு வெளியீட்டை எட்டவில்லை. அங்கே பணம் வந்துகொண்டே இருக்கிறது. சின்னக் குழுவுக்கு வராது. நான்கு மாத இருப்பு என்று மே மாதம் சொன்னால், ஆகஸ்டில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க ஆள் இருப்பார்கள். அந்தக் கேள்வி சீக்கிரம் வருவது நல்லது.

சம்பளத்தை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். "ஆச்சி, நீங்க குடுத்த ஆயிரத்துல பாதிக்கு மேல எங்க சம்பளந்தான்" என்று நேரில் சொல்லத் தயங்கினால் பக்கத்திலும் எழுத மாட்டார்கள். எழுதாத இடத்தில்தான் சந்தேகம் வளரும்.

18 லட்சத்தைத் தாண்டி வந்தால் எந்தப் புது வாக்கும் கிடையாது. புது அறை இல்லை, புதுப் பாத்திரம் இல்லை, ஸ்ட்ரெச் கோல் என்ற தலைப்பே பக்கத்தில் இருக்காது. முதல் மூன்று லட்சம் கைக்காவலுக்குப் போகும். அதற்கு மேல் வருவது வெளியீட்டுக்குப் பிந்தைய பிழை திருத்தத்துக்கு, மாதம் 1 லட்சத்து 32 ஆயிரம் வீதம் எத்தனை மாதம் ஓடுமோ அத்தனை மாதம். 20 லட்சத்தைத் தொடும் அன்று ஜி.எஸ்.டி. பதிவுக்கு விண்ணப்பம் தயாராக இருக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.